கார்ட்டூன் நாயகனுக்குக் குரல் கொடுக்க: யாழ்ப்பாணத்தில் தொடங்குபவர்களுக்கு

டொரேமொன் என்ற நீலப் பூனைக்கு ஜப்பானில் 1979 இலிருந்து 2005 வரை குரல் கொடுத்தவர் நொபுயோ ஓயாமா. அந்த 26 ஆண்டுகளில் படம் வரைந்த கைகள் எத்தனையோ முறை மாறின. அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2005 இல் குரல் வசாபி மிசுதாவிடம் போனபோதுதான், பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பூனையே மாறிப்போனது போல இருந்தது.

கார்ட்டூன் நாயகனின் முகத்தைப் பலபேர் சேர்ந்து வரைகிறார்கள். அவனுக்கு மூச்சு விடுகிறவர் ஒருவர்தான். அதனால் குரல் நடிகருக்கு முக்கியமான வேலை விசித்திரமான சத்தம் ஒன்றை உண்டாக்குவதல்ல. முதலாம் அத்தியாயத்தில் சிரித்த ஆளே நூறாம் அத்தியாயத்திலும் சிரிக்கிறான் என்று பிள்ளைகள் நம்ப வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்.

குரல் முந்தியா, படம் முந்தியா?

வேலை வந்தவுடன் கேட்கவேண்டிய முதல் கேள்வி இது. அமெரிக்கக் கார்ட்டூன்களில் பெரும்பாலும் குரலை முதலில் பதிந்துவிட்டு, அதற்கேற்ப வாயையும் முகத்தையும் வரைவார்கள். ஜப்பானில் படம் திரையில் ஓடும். சில வேளை அது அரைகுறைப் படமாகவும் இருக்கும். நடிகர்கள் சில மைக்குகளுக்கு முன்னால் மாறி மாறி வந்து நின்று பேசுவார்கள். டப்பிங் மூன்றாவது வகை. படமும் முடிந்திருக்கும், வேறு மொழியில் ஒருவர் நடித்தும் முடித்திருப்பார்.

இங்கே செய்யும் சிறுவர் அனிமேஷன், பாடக் காணொளி போன்றவற்றில் குரலே முந்தி வரட்டும். நேரத்தையும் மூச்சையும் நீங்கள் தீர்மானிக்கலாம். படத்தை முடித்துவிட்டுக் "குரலைப் போட்டுத் தாருங்கோ" என்று வருகிறவர்களிடம், அடுத்த முறை குரலை முதலில் பதிவோம் என்று சொல்லுங்கள். வரைகிறவருக்கும் அதுதான் இலகு.

ஆளைப் பிடிப்பது

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பனங்காணிக்குள் வசிக்கும் ஓர் அணில்தான் நாயகன். சின்ன உடம்பு, கெதியான கால், பயம் இருந்தாலும் முன்னுக்குப் போகிற குணம். தொடங்குபவர் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: குரலை உச்சத்துக்கு ஏற்றிக் கீச்சிடுவது. பத்து நிமிடத்தில் தொண்டை இறுகும். அதைவிட, அந்த உச்சத்தில் நின்றுகொண்டு கோபமோ அழுகையோ காட்ட மேலே இடமிருக்காது. நாயகனுக்கு எல்லா உணர்ச்சியும் வரும். ஆகவே உங்கள் இயல்பான குரலிலிருந்து சற்றே நகர்ந்து, மேலும் கீழும் போக வழியுள்ள இடத்தில் அவனை நிறுத்துங்கள்.

பிறகு ஒரு வரியை எடுங்கள்: "நான் போய்ப் பாத்திட்டு வாறன்." அதை நாலு முறை, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள்.

முதலில் ஒலி நிற்கும் இடம். நெஞ்சில் கையை வைத்துச் சொன்னால் கை அதிரும். அணிலுக்கு அது பாரம். மேல் அண்ணத்துக்கும் முன்பல்லுக்கும் பின்னால் ஒலியைக் கொண்டுவந்தால் குரல் உயராமலேயே உடம்பு சிறுத்துவிடும். இரண்டாவது வாய். உதட்டை இரு பக்கமும் சற்று இழுத்துப் பிடித்தால் குரலில் வெளிச்சம் வரும், குவித்தால் இருளும். மூன்றாவது வேகம். முழு வரியையும் விரைவாகச் சொல்லவேண்டாம். "நான் போய்ப்" என்பதை மெதுவாகத் தொடங்கி, "பாத்திட்டு வாறன்" என்பதை ஓடவிடுங்கள். பயந்துகொண்டு தொடங்கி, முடிவெடுத்த பிறகு ஓடுகிற அணில் கேட்கும். நாலாவது, வரி எங்கே விழுகிறது என்பது. "வாறன்" கீழே விழுந்தால் பெரியவன், மேலே தூக்கினால் அனுமதி கேட்கிற சின்னவன்.

இந்த நாலில் பெரும்பாலும் மூன்றாவதும் நாலாவதும்தான் ஆளைத் தருகின்றன. முதல் இரண்டும் சத்தத்தைத் தருகின்றன, அவ்வளவே. பேட்மேனுக்கு 1992 இல் தொடங்கிய தொடரில் குரல் கொடுத்த கெவின் கொன்றோய் இரண்டு குரல் வைத்திருந்தார்: பணக்கார புரூஸ் வெய்னுக்கு இலேசானது, பேட்மேனுக்குத் தணிந்தது. அந்த இரண்டில் எது உண்மையான ஆள் என்பதையும் முடிவு செய்திருந்தார். தணிந்த குரல்தான் அவன், மற்றது அவன் ஊருக்குப் போடும் வேடம். தனியே இருக்கும் காட்சியில் எந்தக் குரல் வரவேண்டும் என்பது அப்போது குழப்பமில்லாமல் தெரியும். உங்கள் அணிலும் தாயிடம் கதைக்கும்போது ஒரு மாதிரி, பூனையிடம் கதைக்கும்போது வேறு மாதிரித்தான் கதைக்கும். தனிய இருக்கும்போது எப்படி என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

சிறுவன் பாத்திரம் என்றால் இன்னொன்று. ஜப்பானின் "டிராகன் போல்" கார்ட்டூனின் கோகுவுக்கு 1986 இலிருந்து குரல் கொடுப்பவர் மசாகோ நொசாவா என்ற பெண். அமெரிக்காவின் "சிம்சன்ஸ்" கார்ட்டூனின் சிறுவன் பார்ட் சிம்சனுக்கு 1987 இலிருந்து நான்சி கார்ட்ரைட். காரணம் எளிது: பெடியன்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில் குரல் உடையும், தொடர் அதற்காகக் காத்திருக்காது. நீண்ட தொடருக்கு ஒரு சிறுவனைக் கூட்டிவந்து மறுவருடம் அவதிப்படுவதைவிட, பெண்களுக்கு வாய்ப்புக் கொடுப்பது புத்தி. சிறுவன் குரலுக்கு மழலை தேவையில்லை. பிள்ளைகள் வசனத்தின் நடுவில் மூச்சு எடுப்பார்கள், முக்கியமில்லாத சொல்லில் அழுத்தம் கொடுப்பார்கள். அதைப் பிடித்தால் போதும். கார்ட்ரைட் குரல் தேர்வுக்குப் போனது பார்ட்டின் தங்கச்சி லிசா பாத்திரத்துக்கு. அங்கே பார்ட்டின் குறிப்பைப் பார்த்து அதைக் கேட்டு வாங்கினார். தேர்வுக்குப் போனால் மற்றப் பாத்திரங்களின் பக்கத்தையும் வாசியுங்கள்.

பிடிவரியும் குரல் அட்டையும்

ஆள் கிடைத்த அன்றே அவனை எழுதி வையுங்கள். அடுத்த ஒலிப்பதிவு மூன்று கிழமைக்குப் பிறகு வரலாம். அப்போது "கிட்டத்தட்ட அதே" குரல்தான் வரும், அதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சொன்னவுடன் பாத்திரம் தொண்டையில் வந்து உட்காருகிற ஒரு வரி இருக்கும். அதைப் பிடிவரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் முதல் அதைச் சொல்லிப் பதிந்து, பழைய பதிவோடு ஹெட்போனில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். அட்டையில் எழுதவேண்டியவை: ஒலி நிற்கும் இடம், வாயின் நிலை, நின்றா இருந்தா பேசினீர்கள், மைக்கிலிருந்து தூரம், அதன் கெயின் எண் (மைக்கின் ஒலியை எவ்வளவு கூட்டிப் பதிகிறோம் என்ற அளவு), எந்த மைக். சிரிப்பு, இருமல், அழுகை, கூப்பாடு, கொட்டாவி ஒவ்வொன்றையும் பதிந்த ஒரு கோப்பும் அதோடு இருக்கட்டும். சிரிப்புத்தான் முதலில் வழுவும். பேச்சைப் பாத்திரமாக வைத்துக்கொண்டு, சிரிக்கும்போது தங்கள் சொந்தச் சிரிப்பைச் சிரித்துவிடுபவர்கள் ஏராளம்.

அட்டையின் பின்பக்கத்தில் யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதை எழுதுங்கள். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். எங்களிடம் நீ, நீர், நீங்கள் என மூன்று. நாயகன் தன் தோழனை முதலாம் அத்தியாயத்தில் "நீர்" என்றும் நாலாம் அத்தியாயத்தில் "நீ" என்றும் கூப்பிட்டால், இடையில் ஏதோ நடந்துவிட்டது என்று பார்ப்பவர் நினைப்பார். உண்மையிலேயே ஏதும் நடந்திருந்தால் அதை அறிவிக்க அந்த மாற்றமே போதும்.

சொல் இல்லாத சத்தங்கள்

பாய்தல், விழுதல், பாரம் தூக்குதல், அடி வாங்குதல், தின்னல், மூச்சு வாங்கல். பிரதியில் இவை ஒரு வரியாகக்கூட இருக்காது, ஆனால் நாயகனை உயிரோடு வைத்திருப்பவை இவைதான். பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயலுக்கு 1940 இலிருந்து குரல் கொடுத்த மெல் பிளாங்க் கரட் கடிக்கும் சத்தத்துக்கு உண்மையான கரட்டைத்தான் கடித்தார். வேறு மரக்கறிகளில் அந்தச் சத்தம் கிடைக்கவில்லை. விழுங்கிவிட்டுப் பேச நேரம் போதாததால் மென்று துப்பிவிட்டு வசனத்தைத் தொடர்ந்தார்.

பாய்வதற்கு மூன்று துண்டு வேண்டும்: எடுக்கும் மூச்சு, காற்றில் ஓர் இறுக்கம், நிலத்தில் கால் படும்போது வெளியேறும் காற்று. புதியவர்கள் நடுத்துண்டை மட்டும் "ஆஆ" என்று செய்வார்கள், அதனால் பாத்திரம் மிதப்பது போல இருக்கும். உடம்பை உண்மையில் அசையுங்கள். முழங்காலை மடக்கி எழும்பினால் மூச்சு தானாகச் சரியான இடத்தில் வெட்டும். கால் மட்டும் தரையைவிட்டு எழும்பக்கூடாது, சீமெந்துத் தரை அந்தச் சத்தத்தையும் மைக்குக்குக் கொடுத்துவிடும்.

டப்பிங் வரி ஒன்றை வைத்துப் பார்ப்போம்

எங்கள் தொலைக்காட்சி முறையில் ஒரு விநாடிக்கு 25 படம், ஒரு படம் 40 மில்லிவிநாடி. குரல் இரண்டு படம் பிந்தினால் யாருக்கும் தெரியாது. நாலைந்து படம் பிந்தினால் பிள்ளைக்கும் தெரியும். முந்தி வந்தால் அதைவிடக் கெதியாக உறுத்தும், ஏனென்றால் உலகத்தில் எந்தச் சத்தமும் அசைவுக்கு முன் வருவதில்லை.

வாயசைவு என்றால் எல்லா எழுத்தையும் பொருத்துவது என்று நினைத்துப் பலர் களைத்துப்போகிறார்கள். கண் தேடுவது உதடு மூடும் இடங்களைத்தான். தமிழில் உதடு முழுதாக மூடுவது ப, ம இரண்டுக்கும். "வ" வுக்குப் பல் உதட்டைத் தொடும், தூரக் காட்சியில் அது சமாளிக்கும்.

திரையில் நாயகன் கிணற்றடியில் நிற்கும் நண்பனைப் பார்த்து ஒன்றரை விநாடி பேசுகிறான். தொடக்கத்தில் உதடு இரண்டு முறை அடுத்தடுத்து மூடுகிறது, கடைசியில் மூடியபடி நிற்கிறது. மொழிபெயர்ப்பில் "அஞ்சாதே, உன்னுடன் நான் இருக்கிறேன்" என்று வந்திருக்கிறது. அர்த்தம் சரி. ஆனால் உதடு ஓரிடத்திலும் மூடாது, நீளமும் கூட. "பயப்பிடாதை, நான் இருக்கிறன்" என்று மாற்றினால் தொடக்கத்தின் இரண்டு மூடலும் கிடைக்கும். முடிவில் வாய் திறந்தபடி நிற்கும். "பயப்பிடாதை, போவம்" என்றால் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் உதடு மூடுகிறது, நேரமும் அடங்குகிறது. நடுவில் கூடுதலாக வந்த "போ" மட்டும் உறுத்தினால் தலை திரும்பும் கணத்தில் அதை விழுத்துங்கள். காட்சியில் அவன் நண்பனைக் கூட்டிப்போக வந்திருந்தால் இந்த மாற்றம் சரி. கூடவே நிற்க வந்திருந்தால் அது பொய். அப்போது உதட்டை விட்டுவிட்டு அர்த்தத்தைப் பிடியுங்கள். எது முக்கியம் என்று இயக்குநரோடு கதைத்து முடிவெடுக்க வேண்டிய இடம் இது.

இன்னொரு பொறி சொல்லொழுங்கு. தமிழில் வினை கடைசியில் வரும். ஜப்பானிய மொழியிலும் அப்படியே, ஆகவே அங்கிருந்து நேரே வரும் படங்களில் கை ஓங்கும் இடமும் சொல் விழும் இடமும் பெரும்பாலும் பொருந்தும். ஆங்கிலப் படத்தில் "ஒருநாளும்" என்ற பொருளுள்ள சொல் வினைக்கு முன்னுக்கே வரும், கையும் அதோடு ஓங்கிவிடும். தமிழிலும் அந்தச் சொல்லை முன்னுக்குத் தூக்குங்கள்: "ஒருநாளும் விடமாட்டன் உன்னை." பேச்சுத்தமிழ் இதைத் தாராளமாக அனுமதிக்கிறது.

ஒரு வரிக்கு மூன்று பார்வை போதும். முதல் முறை மூலக் குரலோடு. இரண்டாம் முறை பென்சிலோடு: மூச்சுக்கு ஒரு கோடு, நீண்ட இடைவெளிக்கு இரண்டு கோடு, உதடு மூடும் எழுத்துக்குக் கீழே புள்ளி, பாத்திரம் முதுகு காட்டும் இடத்தில் வட்டம். அந்த வட்டத்துக்குள் நீங்கள் சுதந்திரமாகப் பேசலாம். மூன்றாம் முறை சத்தத்தை நிறுத்திவிட்டு நீங்கள் வாசியுங்கள். மூலக் குரலை நாலு, ஐந்து தடவை கேட்டால் அதன் இராகம் உங்களைப் பிடித்துக்கொள்ளும். தமிழ் வசனம் வேற்றுமொழிச் சந்தத்தில் வெளியே வரும்.

எந்தத் தமிழ்

இந்தியத் தொலைக்காட்சியின் டப்பிங்கைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் என்றாலே அந்தப் பேச்சுத்தான் என்ற எண்ணம் இருக்கிறது. மைக்குக்கு முன் நின்றதும் வீட்டில் ஒருநாளும் கதைக்காத ஒரு தமிழ் வரும். இந்தியாவிலும் ஓடவேண்டிய தொடர் என்றால் பொதுத் தமிழ் கேட்பார்கள், அதைக் கேட்டபடி செய்யுங்கள். இங்கே, எங்கள் பிள்ளைகளுக்குச் செய்யும் படத்தில் "வாறன், போவம், எண்டு, இஞ்சை" என்றே பேசவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு வழக்கம் மனதை நோகச் செய்கிறது: நாயகனுக்குப் பொதுத் தமிழைக் கொடுத்துவிட்டு, கூட வரும் கோமாளிக்கு மட்டும் யாழ்ப்பாணத் தமிழைக் கொடுப்பது. பகிடிக்கு மட்டும் தன் வீட்டுப் பேச்சைக் கேட்கிற பிள்ளை அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளும்? நாயகன் இந்தத் தமிழிலேயே அழட்டும், இந்தத் தமிழிலேயே எதிரியை மன்னிக்கட்டும்.

பழகுவதற்கு இலங்கை வானொலி நாடகங்களின் பழைய பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். கே. எஸ். பாலச்சந்திரனின் "அண்ணை றைற்" தனிநடிப்பில் ஒரு கொண்டக்டரின் குரலை வைத்தே பஸ்ஸின் நெரிசல் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். கூத்திலிருந்தும் தமிழ்த்தினப் போட்டி மேடைகளிலிருந்தும் வருகிறவர்களுக்கு ஒரு சொல்: உங்கள் மூச்சுக்கட்டு பெரிய சொத்து, ஆனால் அந்தக் குரல் கடைசி வரிசைக்குப் போகப் பழகியது. மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்கும் ஒரு காது. பக்கத்தில் இருப்பவரிடம் கதைக்கிற அளவில் தொடங்குங்கள்.

அறை

மைக் வாங்க முதல் அறையைப் பாருங்கள். சீமெந்துத் தரை, பூசிய சுவர், உயரமான ஓட்டுக்கூரை உள்ள வீடுகளில் கையைத் தட்டினால் பின்னால் ஒரு "ணங்" கேட்கும். குரலோடு பதிந்த அந்த எதிரொலியைப் பிறகு முழுதாக எடுக்க முடியாது. இரண்டு பஞ்சு மெத்தைகளை நிமிர்த்தி, உங்கள் முதுகுக்குப் பின்னால் ஆங்கில "V" எழுத்தின் வடிவில் வையுங்கள். பலர் மைக்குக்குப் பின்னால் வைப்பார்கள். பேச்சுக்குப் பயன்படுத்தும் பெரும்பாலான மைக்குகள் முன்பக்கத்தையே கேட்கும், ஆகவே உங்கள் பின்சுவரில் பட்டு வரும் ஒலிதான் அதற்குள் போகும். தரையில் பாய்க்கு மேல் தடித்த போர்வை போடுங்கள். முட்டை மட்டை ஒட்டுவதால் பயனில்லை.

அமைதியான அறை கிடைக்காவிட்டால் டைனமிக் மைக் நல்லது. கொண்டென்சர் என்ற மற்ற வகை மைக் நுணுக்கமாகக் கேட்கும், ஆனால் அடுத்த வளவு நாயையும் சேர்த்துக் கேட்கும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண், இடையில் மைக்கிலிருந்து நாலு விரல் தள்ளிப் பொப் ஃபில்டர் (வாயிலிருந்து வரும் காற்றின் அடியைத் தடுக்கும் வலைத்திரை). மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் "ப" அடிக்காது. கோப்பு 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், வேவ் வடிவம். சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும். கத்தும் வரிகளுக்குக் கெயினைக் குறைத்து, அரை அடி பின்வாங்கி, முகத்தைச் சற்றுத் திருப்பிக் கத்துங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலையில் காகம், பிறகு சூன் பாண் ஓட்டோவின் இசை, மாலையில் கோயில் ஒலிபெருக்கி. இரவு பத்துக்குப் பிறகு நல்லது என்றாலும் மாரியில் தவளை விடாது. அதிகாலையை நம்பி மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் திகதி கொடுக்கவேண்டாம். நல்லூர்ப் பக்கம் இருப்பவர்கள் திருவிழாவின் 25 நாளையும் நாட்காட்டியில் வெட்டிவிடுங்கள். விசிறியை நிறுத்துங்கள், வளையல், மணிக்கூடு கழற்றுங்கள், பருத்தி உடுப்புப் போடுங்கள். ஃபிரிட்ஜை நிறுத்தும்போது மோட்டார் சைக்கிள் திறப்பை அதற்குள் வைத்துவிடுங்கள். வெளிக்கிடும்போது திரும்பப் போட மறக்கமாட்டீர்கள். தொடங்க முதல் யாரும் பேசாமல் 30 விநாடி அறையின் அமைதியைப் பதியுங்கள். வசனங்களின் இடைவெளியை நிரப்ப ஒலிக்கலைஞருக்கு அது தேவை. நீங்களே சத்தம் நீக்கும் ஃபில்டர் எதையும் போட்டு அனுப்பவேண்டாம்.

தொண்டை

பதிவுக்கு இரண்டு மணித்தியாலம் முன்பிருந்தே தண்ணீர் குடியுங்கள். மைக் முன் நின்று குடிப்பது வாயை நனைக்கும், அவ்வளவே. ஒரு கிளாசில் பாதித் தண்ணீர் விட்டு, ஸ்ட்ரோவை அதற்குள் வைத்து, "ஊ" என்று ஒலித்தபடி குமிழி வர ஊதுங்கள். கீழிருந்து மேலாக, ஐந்து நிமிடம். குரல் நாண்கள் பலமாக மோதாமல் சூடாக இது நல்ல வழி. கூப்பாடு, சண்டை, அலறல் எல்லாவற்றையும் அன்றைய பதிவின் கடைசிக்குத் தள்ளுங்கள்; அலறிய பிறகு மென்மையான வசனம் வராது. தொண்டையை மரக்க வைக்கும் இனிப்புகளைத் தொடாதீர்கள், நோவு தெரியாமல் காயப்படுத்துவீர்கள். களைத்த தொண்டைக்குக் கிசுகிசுப்பு ஓய்வல்ல, வாயை மூடியிருப்பதே ஓய்வு. குரல் கரகரப்பு இரண்டு, மூன்று கிழமைக்கு மேல் நின்றால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் போங்கள்.

அனுப்புவதும் எழுதி வாங்குவதும்

மாதிரிப் பதிவு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பத்துக் குரல் காட்டவேண்டாம். ஒரு நாயகனை மூன்று நிலையில் காட்டுங்கள்: சாதாரணமாக, பயந்து, சிரித்துக்கொண்டு. முதல் ஐந்து விநாடியில் இசை போடாதீர்கள்.

காசு அத்தியாயத்துக்கா மணித்தியாலத்துக்கா, பிரதி மாறினால் மீள்பதிவுக்கு யார் கொடுப்பது, குரல் எங்கெங்கே எவ்வளவு காலம் ஓடும் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பதிவைக் கொண்டு கணினியில் செயற்கைக் குரல் உருவாக்கக் கூடாது என்று ஒரு வரியும் சேருங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும் எழுதுங்கள்.

குரல் அட்டையிலும் பிடிவரிக் கோப்பிலும் ஒரு பிரதியைத் தயாரிப்பாளரிடம் கொடுத்து வையுங்கள். டொனால்ட் டக்குக்கு 1934 இலிருந்து குரல் கொடுத்த கிளாரன்ஸ் நாஷ், கன்னத்துக்குள் காற்றை அடைத்துப் பேசும் அந்த முறையை டோனி அன்செல்மோவுக்கு நேரே பழக்கினார். 1985 இல் நாஷ் இறந்த பின் வாத்து அதே குரலில் தொடர்ந்தது. நேரே பழக்கக் காலம் கிடைக்காவிட்டால் அடுத்து வருகிறவருக்கு அந்த அட்டையும் சிரிப்புக் கோப்பும்தான் இருக்கும். ஒவ்வொரு பருவம் முடியும்போதும் சிரிப்பைப் புதிதாகப் பதிந்து, திகதி போட்டு, பழையதை அழிக்காமல் அதோடு சேர்த்து வையுங்கள்.